விளக்குப் பூச்சியின் தடம்

நிந்தவூரில் அந்த நாட்களில் ஒருவர் நெருப்புப் பெட்டியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு கடற்கரைப் பக்கமாக விறுவிறுவென்று நடந்தால், எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. முனவ்வறா வீட்டுக்குத்தான். பெட்டிக்குள் ஏதோ ஒன்று உயிரோடு பிறாண்டிக்கொண்டிருக்கும். பிள்ளையின் பாய்க்கடியில் கண்டதாக இருக்கலாம், கிணற்றடியில் காலைப் பதம் பார்த்ததாக இருக்கலாம், கத்தரி இலையைச் சல்லடையாக்கியதாகவும் இருக்கலாம். அது விஷமா, கொல்லவேண்டுமா, விட்டுவிடலாமா என்பதை அவள் வாயால் கேட்டால்தான் வந்தவருக்கு மூச்சே வரும்.

அவள் பெட்டியை உடனே திறக்கமாட்டாள். அடுப்படியில் இருந்து எழுந்து வந்து, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, முதலில் மூன்று கேள்வி கேட்பாள்.

"எங்க கண்ட? என்ன நேரம்? எத்தின கால்?"

ஆறு கால் என்றால் பூச்சி. எட்டு என்றால் சிலந்தி, இல்லாவிட்டால் தேள். எண்ணி முடியவில்லை என்றால் பூரான் எனப்படும் மட்டத்தேளாக இருக்கும், அல்லது மரவட்டை எனப்படும் சரக்கட்டையாக இருக்கும். சரக்கட்டை தொட்டால் சுருண்டுகொள்ளும், பாவம். மட்டத்தேள் சுருளாது, திரும்பிக் கொத்தும். காலைச் சரியாக எண்ணியிருந்தால் பெட்டியைத் திறக்காமலேயே பேரைச் சொல்லிவிடுவாள். எண்ணாமல் வந்தவர்களுக்கு நல்ல ஏச்சுக் கிடைக்கும். "கண்ண எங்க வச்சிட்டு வந்த? போய் எண்ணிட்டு வா" என்று பெரிய மனிதர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர்களும் போய் எண்ணிக்கொண்டுதான் வந்தார்கள்.

இதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பெரியபிள்ளை ஆனதும் வேலிக்கு உள்ளே இருக்கச் சொன்னார்கள். இருபது பேர்ச் நிலத்தில் வீட்டு வளவு, ஒரு கிணறு, ஒரு முருங்கை, ஒரு மாமரம், நாலு தென்னை. ஏழு வருஷம் அவளுக்கு உலகம் என்றால் அவ்வளவுதான். மற்றப் பெண்பிள்ளைகள் வேலி ஓட்டையால் வீதியைப் பார்த்தார்கள். இவள் வேலியையே பார்த்தாள். மண்கூடு கட்டும் குளவி புழுவைக் குத்தி, சாகவும் விடாமல் அசையவும் விடாமல் தன் குஞ்சுக்குத் தீனியாக அடைத்துவைப்பதைப் பார்த்தாள். கும்பிடுபூச்சிப் பெண் தன் ஆணைத் தலையில் இருந்து தின்னத் தொடங்குவதைப் பார்த்தாள். முசுறு எறும்புகள் ஒரு பல்லிக்குஞ்சை உயிரோடு நாலு பக்கமும் இழுத்துப் பிய்ப்பதை ஒரு காலை முழுக்கக் குந்தியிருந்து பார்த்தாள். பூச்சிகளிடம் இரக்கம் கிடையாது. ஆனால் காரணமில்லாமல் ஒன்றும் இன்னொன்றைத் துன்புறுத்தாது. பசிக்குத் தின்னும், பயத்தில் கொட்டும். அதை அவள் தன் கண்ணாலேயே கண்டுபிடித்தாள்.

இந்தக் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீட்டைக் கட்டி, பெண்ணின் பேரில் எழுதி, அதற்குள்தான் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வைப்பார்கள். முனவ்வறாவின் வாப்பாவும் வயல் வருமானத்தில் கல்வீடு கட்டி அவள் பேருக்கு எழுதினார். எழுதிக் கொடுக்கும் வாப்பாமார் ஒன்றை மட்டும் மறந்துவிடுவார்கள். இந்த வீடு உன்னுடையது மகளே என்பதை வாயைத் திறந்து பிள்ளைக்குச் சொல்லமாட்டார்கள். முனவ்வறாவுக்கும் சொல்லவில்லை. கலியாணம் முடிந்த மறுவருஷமே வாப்பாவும் உம்மாவும் அடுத்தடுத்து மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

மாப்பிள்ளை ஜவுபர் சம்மாந்துறைப் பக்கத்தவன். நெல்லுக் குத்தும் மில்லில் எஞ்சின் ஓட்டுபவன். குடிக்கமாட்டான், சூதாடமாட்டான், ஐந்து நேரமும் பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பான். வீதியில் சலாம் சொன்னால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகருவான். குடிகாரனாக இருந்திருந்தால் ஊருக்கு ஒரு சாட்டாவது கிடைத்திருக்கும். அந்த நாசமாய்ப்போனவனுக்கு அப்படி ஒரு சாட்டுக்கூட இல்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி மில்லுக் கூரையைத் தூக்கி எறிந்தது. மழையில் ஊறி வெடித்த எஞ்சின் பட்டிகளைக் கழித்துப் போட்டார்கள். அதில் ஒரு முழத் துண்டை ஜவுபர் வீட்டுக்குக் கொண்டுவந்தான். இரண்டு விரல் அகலம், றப்பரும் கன்வசும் சேர்த்துத் தைத்தது, ஒரு நுனியில் வரிசையாக இரும்புக் கிளிப்புகள். கூரை வளையைக் கட்ட உதவும் என்று சொல்லி கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினான். கூரை வளையை அது ஒரு நாளும் கட்டவில்லை.

சூறாவளிக்குப் பிறகுதான் ஊர் முனவ்வறாவைத் தேடி வரத் தொடங்கியது. விழுந்த தென்னைகளுக்குள் வண்டு பெருகியது. இடிந்த சுவர்களுக்குள் இருந்து தேளும் மட்டத்தேளும் குடும்பம் குடும்பமாக வீடுகளுக்குள் குடியேறின. டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயாகூட, "என்ன கடிச்ச எண்டு முனவ்வறாட்டக் கேட்டுட்டு வா" என்று ஆட்களை அனுப்பினார். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. மடியில் ஒன்றரை வயது ஸுல்பிகா. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் எதற்கோ பிரயோசனமானவள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷம் மூன்று மாதம்தான் இருந்தது.

எழுபத்தொன்பது மாசி மாதம். மழையில் நனைந்த அரிசி, வண்டு பிடித்திருந்தது. முனவ்வறா எவ்வளவோ புடைத்தும் ஒன்று தப்பிவிட்டது. ஜவுபரின் பீங்கானில், சோற்றின் மேல், கறுப்பாக ஒரு புள்ளி கிடந்தது.

"இது என்ன?" என்று கேட்டான்.

"அரிசி வண்டு. ஒண்டும் செய்யாது மச்சான், எடுத்துப் போடுங்க."

"ஒண்டும் செய்யாதா?" அவன் எழுந்தான். "ஊரான்ட பூச்சியெல்லாம் பாக்கத் தெரியுது. புரிசன்ட பீங்கானப் பாக்கத் தெரியல்ல. மில்லுக்காரன்ட சோத்துக்குள்ள வண்டா?"

கதவுக்குப் பின்னால் போனான், வந்தான். முதல் அடி அவள் கழுத்தில் விழுந்தது. என்ன நடந்தது என்று விளங்கும் முன் இரண்டாவது முழங்கையில் விழுந்தது. பிள்ளையைப் போட்டுவிடக் கூடாதே என்று அவள் குனிந்து பொத்திக்கொண்டாள். அது அவனுக்கு முதுகைக் காட்டியதாகிவிட்டது. அடிக்கும்போது அவன் கத்தவில்லை, ஏசவில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவனைப் போல நிதானமாக, இடம் பார்த்து அடித்தான். முடிந்ததும் பட்டியை ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவி, மிச்சச் சோற்றைத் தின்றான். வண்டை எடுத்துப் பீங்கான் ஓரத்தில் வைத்திருந்தான்.

மறுநாள் காலையில் பக்கத்து வளவுச் சல்மா உம்மா தேங்காய் துருவும் துருவலையை இரவல் கேட்டு வந்தா. அவவுக்கு நாற்பது வயது, வாய் ஓயாத நல்ல மனுசி. முனவ்வறாவின் கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டா.

"என்ன புள்ள இது? கழுத்துல சூடு வச்ச மாதிரி இரிக்கி?"

முனவ்வறா வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வந்தவுடன் வெட்கம் அதை விழுங்கியது. அவமானப்பட வேண்டியவன் அவன், பட்டவள் இவள்.

"விளக்குப் பூச்சி பட்டுட்டு ராத்தா. நித்திரையில நசுக்கிட்டன்."

பொய்க்கு அதைவிடப் பொருத்தமான பூச்சி கிடையாது. வயல் அறுப்பு நாட்களில் லாம்பு வெளிச்சத்துக்கு வரும், எறும்பைவிடக் கொஞ்சம் நீளம், சிவப்பும் கறுப்பும் மாறி மாறி. கடிக்காது, கொட்டாது. தோலில் ஊரும்போது ஊதிவிட்டால் போய்விடும். கையால் அடித்து நசுக்கினால்தான் வினை, அதன் நீர் பட்ட இடம் மறுநாள் கோடாகச் சிவந்து, எரிந்து, கொப்பளிக்கும். பட்டியால் அடித்த தடிப்பும் அதே மாதிரித்தான் இருக்கும். மாதமும் அறுப்பு மாதம். ஒருநாளும் யாரையும் அடிக்காத ஒரு பூச்சியின் மேல் முனவ்வறா அந்தப் பழியைப் போட்டாள்.

"ஓம் ஓம், எங்கட மகனுக்கும் போன கிழமை பட்டது" என்று சல்மா உம்மா துருவலையை வாங்கிக்கொண்டு போய்விட்டா. பூச்சி பற்றி முனவ்வறா சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது?

பிறகு வழக்கமாகிவிட்டது. அவன் அடித்தான், அவள் பேர் வைத்தாள். கன்னம் வீங்கினால் குளவி. புறங்கையில் தடித்தால் முருங்கையில் இருந்து விழுந்த மயிர்க்கொட்டி. கிளிப்பு நுனி பட்டு வரிசையாகப் புள்ளி விழுந்தால் மட்டத்தேள் ஊர்ந்தது. சிகரெட் நெருப்பால் வைத்த சூட்டுக்குக்கூட ஒரு சிலந்தியின் பேர் சொன்னாள். "இந்தப் புள்ளைக்கு இந்தப் பூச்சிகளோட என்ன வேலை எண்டு கேக்கன்" என்று எதிர்வீட்டுத் தையல்காரி அஸீஸா பரிதாபப்படுவாள். அவ்வளவு பூச்சி கடித்தவள் உயிரோடு இருப்பதே அதிசயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு முறை தன் அண்ணன் றஸாக் காக்காவிடம் சொன்னாள். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டான். "மாப்பிள்ளைய அனுப்பினா ஊர் என்ன கதைக்கும்? நாளைக்கு உன்ட மகளுக்கு யார் மாப்பிள்ளை தருவான்? பொறுத்துக்க தங்கச்சி." காக்காவின் முதுகில் ஒரு அடிகூட விழவில்லை, அதனால் பொறுமை அவனுக்கு மிகவும் சுலபமாக இருந்தது.

எண்பத்தைந்து சித்திரையில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு இடையில் கலவரம் மூண்டது. நேற்றுவரை ஒரே வாய்க்கால் தண்ணீரைப் பகிர்ந்துகொண்டவர்கள், ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்தினார்கள். வடக்கே புகை எழும்பியது, வெடிச்சத்தம் கேட்டது, ஊரடங்குச் சட்டம் வந்தது. எல்லா வீட்டிலும் ஆண்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். சல்மா உம்மா வீட்டில் சீட்டு விளையாடினார்கள். முனவ்வறா வீட்டில் ஐந்து நாட்கள் அவனும் அவளும் ஒரே கூரைக்குக் கீழே.

மூன்றாம் நாள், அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு விளக்கு வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான். எட்டு வயது ஸுல்பிகா வெடிச்சத்தத்தில் வெருண்டு, இருட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினாள். முனவ்வறா லாம்பை மெல்லத் தூண்டி, சுருட்டிய பாய்க்குப் பின்னால் மறைத்துவைத்தாள். கதவுச் சந்தால் ஒரு நூல் வெளிச்சம் வெளியே போயிற்று.

இந்த முறை பட்டியை எடுக்க அவனுக்குப் பொறுமை இல்லை. கைக்கு உலக்கை அகப்பட்டது. தலைக்கு வந்ததை அவள் இடது கையால் தடுத்தாள். பச்சை மட்டை முறிகிற சத்தம் கேட்டது. கை மணிக்கட்டில் இருந்து வேறு பக்கமாகத் தொங்கியது. விழுந்தவளின் வயிற்றில் காலால் உதைத்தான், பிறகு இடுப்பில் உதைத்தான். வெளியே துவக்கு வெடிச் சத்தம், உள்ளே உதைச் சத்தம். ஸுல்பிகா மூலையில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எந்தச் சத்தத்துக்குப் பொத்தினாள் என்று சொல்ல முடியாது.

ஊரடங்கு தளர்ந்த அன்று டிஸ்பென்சரியில் வெட்டுப்பட்டவர்களும் எரிகாயம் பட்டவர்களும் வரிசையாகக் கிடந்தார்கள். முனவ்வறா தொங்கும் கையோடு அந்த வரிசையில் போய் நின்றாள்.

"உனக்கு யாரு வெட்டின?" என்று அப்போதிக்கரி ஐயா கேட்டார்.

"ஒருவரும் இல்ல ஐயா. குளவிக் கூடு கலைக்க ஏணியில ஏறினன். விழுந்துட்டன்."

"ஊர் எரியிற நேரத்தில குளவி கலைக்கப் போனியா?" என்று வரிசையில் ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எலும்பு கோணலாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு அவள் நெருப்புப் பெட்டியை வலது கையால் மட்டும்தான் திறந்தாள்.

இப்படியே செத்துவிடலாம் என்றுதான் அவள் இருந்தாள். எண்பத்தெட்டு ஐப்பசியில் அது மாறியது. அப்போது வீதிகளில் இந்திய ஆமி காவல் நின்ற காலம். மாரி மழை தொடங்கியிருந்தது. வயலில் விதைப்பு முடிந்து பயிர் ஒரு சாண்கூட வரவில்லை. கிணற்றடியில் ஸுல்பிகாவுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள் முனவ்வறா. பதினொரு வயதுப் பிள்ளை. தோளில் இருந்து முழங்கைவரை ஒரு சிவந்த கோடு, அதன் நுனியில் வரிசையாக ஆறு புள்ளி.

"இது என்ன மகள்?"

"விளக்குப் பூச்சி உம்மா" என்றாள் ஸுல்பிகா. "நித்திரையில நசுக்கிட்டன்."

வாளி கையில் இருந்து நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது. அறுப்பு இல்லாத மாதத்தில் அந்தப் பூச்சி வராது. வயலில் அது இருந்தால் அல்லவா வீட்டுக்கு வரும்? அந்தப் பொய்யின் ஒவ்வொரு சொல்லும், மூச்சு வாங்கிய இடமும்கூட, முனவ்வறாவுடையதாக இருந்தது. தான் வாங்கிய அடியெல்லாம் அவளுக்கு அன்று ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒன்பது வருஷமாக அவள் ஒரு பொய்யை ஊட்டி வளர்த்திருக்கிறாள், அது இப்போது தன் பிள்ளையின் வாயில் இருந்து பேசுகிறது. ஈரத் தலையோடு பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கேவல் வெளியே கேட்காமல் அழுதாள். பிறகு எழுந்து வீட்டுக்குள் போய், ஆணியில் இருந்த பட்டியைக் கழற்றி அடுப்புக்குள் செருகினாள்.

றப்பர் எரிந்த நாற்றம் நாலு வளவுக்கும் போயிற்று. ஜவுபர் படலையைத் திறக்கும்போதே மூக்கைச் சுளித்தான். நேரே கதவுக்குப் பின்னால் பார்த்தான். வெறும் ஆணி.

"எங்கடி?"

"எரிச்சிட்டன். புள்ளைட மேல இனி உங்கட கை படக் கூடாது."

அவன் அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்து, வாசல் நிலையில் மோதினான். புருவம் பிளந்து கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது. கோணல் கையை முறுக்கிப் பின்னால் கொண்டுபோனான். அடுப்பில் இருந்த எரிகொள்ளியை எடுத்து முகத்துக்கு நேரே கொண்டுவந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக முனவ்வறா பல்லைப் பாவித்தாள். அவனுடைய முழங்கையில், எலும்புவரை கடித்தாள். அவன் அலறினான். ஊர் அவன் குரலை அன்றுதான் முதன்முதலில் உரத்துக் கேட்டது. கொள்ளி கீழே விழுந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வேலியைப் பிரித்துச் சல்மா உம்மாவின் வளவுக்குள் ஓடினாள்.

ஓடியது தன் சொந்த வீட்டில் இருந்து என்பது அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த கிழமை காதியாரிடம் பஸஹு கேட்டாள். புருஷனுடைய கொடுமையைச் சாட்சியோடு காட்டி மனைவி கேட்கும் விவாகரத்து அது. காதியார் தன் வீட்டு முன்மண்டபத்தில் இருந்து கலியாண வழக்குகளைக் கேட்பார். பக்கத்தில் மூன்று பெரியவர்கள். ஒரு பக்கம் ஜவுபர், வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு சின்னக் கட்டு. எதிர்ப்பக்கம் முனவ்வறா, புருவத்தில் தையல், மடியோடு ஒட்டிக்கொண்டு ஸுல்பிகா.

"தையலுக்கு என்ன காரணம்?" என்று ஜவுபரிடம் கேட்டார் காதியார்.

"நாய் மாதிரி கடிச்சா. தள்ளிவிட்டன், நிலையில அடிபட்டுட்டு" என்று கட்டைக் காட்டினான். "அதுக்கு முந்தி ஒரு நாள் கை ஓங்கினன் எண்டு ஒரு ஆள் சொல்லட்டும்."

சாட்சிக்குச் சல்மா உம்மாவையும் அஸீஸாவையும் கூப்பிட்டார்கள். இருவரும் முனவ்வறாவுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் வந்தார்கள். ஆனால் அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணிவிட்டார்களே.

"காயத்தக் கண்டன் காதியார்" என்றாள் அஸீஸா. "கேட்டன். மயிர்க்கொட்டி எண்டுதான் அவ சொன்னா."

"விளக்குப் பூச்சி எண்டு சொன்னா" என்றா சல்மா உம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. "குளவி எண்டும் சொன்னா. பூச்சியில அவட சொல்லுக்கு மேல ஊருல சொல் இல்ல. நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்ற?"

முனவ்வறாவின் ஒன்பது வருஷப் பொய்யும் வரிசையாக வந்து அவளுக்கு எதிராகச் சாட்சிக் கூட்டில் நின்றது. அவள் எழுந்தாள்.

"நான் சொன்ன அவ்வளவும் பொய். மயிர்க்கொட்டி மாரியில வாறது. நான் சொன்னது ஆனி வெயிலில, முருங்கையில இலைகூட இல்லாத நேரம். குளவி கொட்டினா வீங்கும், ரெண்டு நாளில வத்தும். குளவி எலும்ப முறிக்காது, ஏணியில நான் ஏறவுமில்ல. விளக்குப் பூச்சி அறுப்புக்கு வாறது, புள்ளைட கையில கோடு விழுந்த இப்ப பயிர் சாண் உயரம்கூட இல்ல. வேணுமெண்டா வயலுக்குப் போய்ப் பாருங்க."

ஜவுபர் சிரித்தான். "ஒம்பது வருஷம் பொய் சொன்ன வாய் எண்டு அவவே சொல்றா. இண்டைக்கு மட்டும் மெய் சொல்லுதா?"

பெரியவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். காதியாரும் தாடியைத் தடவிக்கொண்டார். சமாதானமாகப் போங்கள் என்ற சொல் அவருடைய வாயில் உருண்டுகொண்டிருப்பது முனவ்வறாவுக்குத் தெரிந்தது. அந்தச் சொல் வெளியே வந்தால் பிள்ளையோடு திரும்ப அந்த வீட்டுக்குள், அவனோடு. பட்டி இல்லாவிட்டாலும் உலக்கை இருக்கிறது.

காதியார் ஸுல்பிகாவைக் கிட்டக் கூப்பிட்டார். சட்டைக் கையை மேலே தூக்கி, மங்கிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தார்.

"பயப்படாத மகள். இது என்ன, சொல்லு."

பிள்ளை வாப்பாவைப் பார்த்தாள். அவன் கண்ணை எடுக்காமல் இருந்தான்.

"விளக்குப் பூச்சி" என்றாள்.

ஜவுபர் சாய்ந்து உட்கார்ந்தான். காதியார் பேனையை எடுத்தார். அழக்கூட முனவ்வறாவுக்கு நேரம் இல்லை. பிள்ளையின் முன்னால் போய்க் குந்தி, நெருப்புப் பெட்டியோடு வருகிறவர்களிடம் கேட்பதைப் போலவே, அதே குரலில் கேட்டாள்.

"எங்க கண்ட?"

ஸுல்பிகா விழித்தாள். பிறந்த நாளில் இருந்து கேட்ட கேள்வி அது. அதற்குப் பொய் சொல்லி அந்த வீட்டில் ஒருவரும் தப்பியது இல்லை.

"அடுப்படியில."

"என்ன நேரம்?"

"வாப்பா மில்லால வந்த நேரம்."

"எத்தின கால்?"

பிள்ளை விரலை மடக்கினாள்.

"ரெண்டு கால், உம்மா."

ஜவுபர் பாய்ந்து எழுந்தான். யோசித்து எழுந்தது அல்ல, பழகிய கை தானாக எழுந்தது. பிள்ளையின் முகத்துக்கு நேரே ஓங்கிய அந்தக் கையை, தலையாட்டிய பெரியவர்தான் தாவிப் பிடித்தார். காதியாரின் கண்ணுக்கு முன்னால், மூன்று பெரியவர்களின் கண்ணுக்கு முன்னால், ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. தான் எங்கே இருக்கிறேன் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சல்மா உம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எழுந்தா. "காதியார், நான் இன்னும் ஒண்டு சொல்லணும். கண்ணால காணல்லத்தான். காதால கேட்டன். அந்த ஊரடங்கு நாளையில கேட்டன், பட்டி எரிஞ்ச நாளையில கேட்டன், எத்தினையோ நாள் கேட்டன். பூச்சி கடிச்சா மனிசி ஒருக்காத்தான் கத்துவா. இவ கத்தின கத்து விடியிற வரைக்கும் எனக்குக் காதுக்குள்ள நிக்கும். காலையில பூச்சி எண்டு சொல்லுவா. எனக்கும் அது லேசா இருந்திச்சி, நம்பிட்டன். அல்லா என்ன மன்னிக்கட்டும்."

அடுத்த தவணையில் விவாகரத்துக் கிடைத்தது. தீர்ப்பை வாசித்த காதியார் கடைசியில், "வீடு யாருட பேருல?" என்று வழமைக்குக் கேட்டார். றஸாக் காக்காதான், வேறு வழியில்லாமல், "தங்கச்சிட பேருல" என்று பதில் சொன்னான். முனவ்வறா நிமிர்ந்து காக்காவைப் பார்த்தாள். கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், அந்தச் சொல்லை ஒரு ஆணின் வாயில் இருந்து அவள் கேட்டது அன்றுதான்.

அன்று பின்னேரமே ஜவுபரின் றங்குப் பெட்டியை அவளும் சல்மா உம்மாவும் அஸீஸாவும் தூக்கிப் படலைக்கு வெளியே வைத்தார்கள். அவன் வந்து எடுத்துக்கொண்டு போகும்வரை அதற்குள் கறையான் ஏறவில்லையே என்று சல்மா உம்மாவுக்குக் கவலை.

கொஞ்ச நாள் ஒருவரும் நெருப்புப் பெட்டியோடு வரவில்லை. பூச்சியில் பொய் சொன்னவள் என்ற பேர் ஊரில் இருந்தது. அது நியாயமான பேர்தான் என்று முனவ்வறாவும் ஒத்துக்கொண்டாள். மாசியில் அறுப்பு வந்தது, லாம்புக்கு விளக்குப் பூச்சிகள் வந்தன, ஆட்களும் ஒருவர் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். அவள் அதே மூன்று கேள்வியைத்தான் இப்போதும் கேட்டாள். ஆனால் கையிலோ கழுத்திலோ கோடு விழுந்த ஒரு பெண் வந்து நின்றால், பின்னால் நிற்கிற ஆணை வீதியில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, எத்தின கால் என்பதைத்தான் முதலில் கேட்டாள்.